ஹன்னாவின் பாதி மந்திரம்

தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

குனிந்தபோது, யூனிபோமுக்குள் ஒளித்து வைத்திருந்த என் சங்கிலி வெளியே விழுந்தது. அதில் கிடந்த சிலுவை, கட்டிலில் படுத்திருந்தவரின் முகத்துக்கு நேரே ஆடியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு எனக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினார்.

ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்த ஓட்டம் விளங்கியது. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாதாவை நோக்கிச் சொல்லுகிற அருள்நிறை மந்திரத்தை எந்த மொழியில் சொன்னாலும் அது ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்கும். முதற்பாதியை ஒருவர் சொன்னால் மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க எங்களால் ஏலாது. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் எங்கள் வீட்டில் அடுப்பில் மீன் கருகினாலும் மறுபாதியைச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவோம்.

கட்டிலில் இருந்தவர் சரியாக அந்தப் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தபடி இருந்தார். என் வாய் தானாகத் திறந்து, மறுபாதியைத் தமிழில் சொல்லி முடித்தது.

அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏனென்றால் அவர் யூதப் பெண்.

கோவிட்டுக்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. வருசம் சரியாக நினைவில்லை. குளிர்காலம் என்பது மட்டும் நிச்சயம், ரேடியேட்டருக்கு மேல் காயப் போட்ட கம்பளிக் காலுறையின் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

பால் சட்டியும் இறைச்சிச் சட்டியும்

நான் அப்போது லண்டனில் ஒரு ஏஜென்சியில் கெயரராக வேலை செய்தேன். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கிற வேலை. இந்தப் புதிய வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். யூத வீடு, பன்றி இறைச்சி உள்ளே போகக்கூடாது, பால் பாத்திரத்தையும் இறைச்சிப் பாத்திரத்தையும் கலக்கக்கூடாது என்றெல்லாம். எனக்கு அது ஒரு பெரிய விசயமில்லை. மாமி வீட்டில் விரதச் சட்டிக்குள் தெரியாமல் மீன்குழம்பு அள்ளின மச்சக் கரண்டியைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

முதியவரை ஹன்னா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுதினால் மகள் கோபிக்க மாட்டார், இருந்தாலும் எழுத மனமில்லை. எண்பது வயதைத் தாண்டியவர். மறதி நோய். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் முக்கால்வாசியும் யூதர்கள்தானாம். இப்போது ஹன்னாவின் இடப்பக்கம் பஞ்சாபிக் குடும்பம், வலப்பக்கம் வவுனியாக் குடும்பம்.

அவர் வீட்டு வாசல் நிலையில் விரல் நீளத்தில் ஒரு சின்னக் கூடு சாய்வாக அடித்திருந்தது. உள்ளே வேதவசனம் எழுதிச் சுருட்டி வைத்திருப்பார்கள் என்று பிறகு அறிந்தேன். அன்று பின்னேரம் செவன் கிங்ஸில் என் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது பார்க்கிறேன், எங்கள் நிலையிலும் அதே அளவில், அதே சாய்வில் ஒரு புடைப்பு. மூன்று நான்கு பூச்சுப் பெயின்ற் அதன் மேல். கடைசிப் பூச்சு என் கணவர் அடித்தது. பழைய பெல்லின் மூடியாக்கும் என்று நினைத்தாராம். இத்தனை வருசம் யாருடைய வாசலால் போய் வந்துகொண்டிருந்தோம் என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஹன்னாவுக்கும் எனக்கும் மந்திரம் வழக்கமாகிவிட்டது. காலையில் நான் உள்ளே போனதும் அவர் கண் என் கழுத்துக்குப் போகும். முதற்பாதி வரும். நான் மறுபாதி சொல்லுவேன். பிறகுதான் முகம் கழுவவே விடுவார். கண்ணை மூடாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செபம் சொல்லுகிற ஒரு மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை. வயதானவர், அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். கை இரண்டும் போர்வைக்குள் இறுக மூடியிருக்கும். கழுவுவதற்காக ஒவ்வொரு விரலாகப் பிரித்தால் உள்ளங்கையில் நகம் பதிந்த அடையாளம் இருக்கும். அதை வாதம் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. இத்தனை கெயரர் இருக்க மாதா என்னைத் தெரிந்தெடுத்து இந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார் என்று நம்பினேன். ஒருநாள் செபமாலையைக்கூடக் கொண்டுபோனேன்.

மகளின் கேள்வி

மகள் நவோமி வெள்ளிக்கிழமைகளில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர், வடக்கு லண்டனில் ஆசிரியை. இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகளும், சடைபோலப் பின்னிச் சுட்ட கோதுமைப் பாணும் கொண்டுவருவார். குளிர்காலத்தில் நாலு மணிக்கே பொழுது போய்விடும். அதோடு அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும், அதற்கு முன் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்.

ஏற்றியதும் ஹன்னா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளுவார். சில நாள் அணைக்கச் சொல்லுவார். முன்பெல்லாம் அம்மாதான் ஏற்றுவார், இப்போது வெளிச்சத்தையே காட்டக்கூடாது என்கிறார் என்று நவோமி சமையலறையில் நின்று என்னிடம் சொல்லிக் கவலைப்பட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். நாங்கள் இருவரும் மந்திரத்தில் இருந்தோம். கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். சத்தம் போடுவார், ஏஜென்சிக்குச் சொல்லுவார் என்று நான் பயந்தேன். அவரோ படிக்கட்டில் போய் இருந்தார்.

பிறகுதான் கதை வந்தது. ஹன்னா பெல்ஜியத்தில் பிறந்தவர். யுத்த நேரத்தில் ஜெர்மன்காரர் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, ஐந்தாறு வயதில் அவரை ஒரு கன்னியர் மடத்தில் ஒளித்து வைத்தார்களாம். வேறு பெயர் வைத்து, கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்த்தார்கள். பெற்றோர் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிய ஒரு மாமா தேடிப்பிடித்து லண்டனுக்குக் கூட்டிவந்தார். நவோமிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை என்றார்.

"நீங்கள் கத்தோலிக்கர். உங்களுக்குத் தெரியும்," என்றார் என்னைப் பார்த்து. "அம்மா சொல்லுவது உண்மையான செபமா?"

ஏன் கேட்கிறார் என்று விளங்கியது. அம்மாவுக்குக் காலம் கிட்டிவிட்டது. கடைசி நேரத்தில் எந்தச் செபத்தைச் சொல்லுவது, எந்த மண்ணில் வைப்பது என்று மகள் முடிவு செய்ய வேண்டும். ஒரு கத்தோலிக்கப் பெண்ணை வாழ்நாள் முழுக்க எங்கள் தொழுகைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோமா என்று அவர் தவித்தார்.

செபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஓம், உண்மையான செபம்தான் என்று ஒரே அடியாகச் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நவோமி மெழுகுவர்த்தி கொண்டுவரவில்லை. பாண் மட்டும் இருந்தது, அதுவும் கடைப் பாண். உங்களுக்குத் தெரிந்த பாதர் யாரும் இருந்தால் ஒருநாள் அம்மாவைப் பார்க்கக் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

காருக்குள் இருக்கிற மனிதர்

இடையில் ஒரு விசயம். போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் எழுதிய என் கல்யாணக் கதையை வாசித்துவிட்டு ஹரோவிலிருந்து மச்சாள் போன் எடுத்தாள். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை நடுங்கினதை ஏன் எழுதாமல் விட்டாய் என்று ஒரே சிரிப்பு. எங்கள் குடும்பத்தில் அது தேய்ந்துபோன பகிடி. எங்களுடையது கலப்புக் கல்யாணம். இவர் சைவம். மாதா கோயிலில், பீடத்துக்கு முன்னால், சிலுவை வைத்த தாலியைக் கட்டினவர். கொடியின் கொளுவியை, அந்தச் சின்னக் கொக்கியை, மாட்ட ஏலாமல் கை உதறி, கடைசியில் என் பெரியண்ணைதான் மாட்டிவிட்டார். நான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற மெல்லிய சங்கிலியில் கிடப்பது அந்தத் தாலிதான். கல்யாணத்தன்று அது கோத்திருந்த பாரமான தங்கக் கொடி லொக்கரில் தூங்குகிறது.

ஞாயிறுதோறும் இவர் என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை காருக்குள் இருந்து ரேடியோ கேட்பார். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் உள்ளே வரமாட்டார். பிடிவாதச் சைவம் என்று எல்லோரும் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நவோமி பாதரைக் கேட்ட அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஹன்னாவின் கதை முழுவதையும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய பாதரைக் கண்டு கதைக்கப் போகிறேன், கொஞ்சம் காத்துக்கொண்டு நில்லுங்கோ என்றேன். இவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"செபம் சொல்லேக்கை அவ கையை எங்கை வைச்சிருப்பா?" என்று கேட்டார்.

போர்வைக்குள், பொத்திக்கொண்டு என்றேன்.

"கண்ணை மூடுவாவோ?"

இல்லை என்றேன். இவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று திகைப்பாக இருந்தது.

"அங்கியோடை ஒரு ஆளை அவவின்ரை கட்டிலடிக்குக் கூட்டிக்கொண்டு போகாதையும்," என்றார். "அவ உமக்குப் பயந்து சொல்லுறா."

பிறகு இவர் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இவர் சின்னப் பெடியனாகக் கொழும்பில் இருந்தபோது தமிழரைத் தேடி அடித்த கலவரம் வந்தது தெரியும். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் காப்பாற்றினதும் தெரியும். அதற்குமேல் தெரியாது. அந்த வீட்டில் டொறின் அன்ரி என்று ஒருவர். கத்தோலிக்கர். மதிலுக்கு மேலால் இவரைத் தூக்கி வாங்கி, தன் பிள்ளைகளின் உடுப்பைப் போட்டு, கழுத்தில் சிலுவை ஒன்றைக் கட்டி, ஒரு பின்னேரத்துக்குள் சிங்களத்தில் அருள்நிறை மந்திரத்தின் முதற்பாதியைப் பாடமாக்கிவிட்டாராம். யார் வந்தாலும் அவர்களுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணை மூடக்கூடாது, மூடினால் அழுகை வந்துவிடும். அர்த்தம் இன்றைக்கும் தெரியாது என்றார்.

"வாறவங்கள் வாசல்லை நிண்டு கேப்பாங்கள். நான் பாதி சொல்லுவன். அன்ரி மற்றப் பாதியைச் சொல்லுவா. அவ சொல்லி முடிச்சாத்தான் நான் தப்பியிட்டன் எண்டு எனக்குத் தெரியும்."

வெங்காயத்தின் காரத்தில் எனக்குக் கண் எரிந்தது. வெங்காயம் மட்டும் இல்லை. அப்படியென்றால் நான் மறுபாதி சொன்னது சரியா பிழையா, அவருக்குப் பயம் காட்டினேனா பயம் தீர்த்தேனா என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். "டொறின் அன்ரியை எனக்கு நல்ல விருப்பம். அந்தச் செபம் காதிலை விழுந்தால் வாசல்லை நிண்டவங்களின்ரை முகமும் வரும், அவவின்ரை பருப்புக்கறி வாசமும் வரும். ரெண்டையும் பிரிக்கத் தெரியேல்லை."

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்றேன். நீர் கேட்கவில்லையே என்றார். என் கை என்னை அறியாமல் கழுத்துக்குப் போனது. இந்த மனிதர் இருபது வருசமாக ஒவ்வொரு நாளும் எதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

வெறுங்கழுத்து

தாலியைக் கழற்றுவது லேசான காரியமில்லை. பாசையூரில் அம்மா கேள்விப்பட்டால் போனுக்குள்ளால் வந்து அடிப்பார். திங்கட்கிழமை காலை ஹன்னாவின் வாசலில் காரை நிறுத்தியதும் கழற்றி இவருடைய கையில் கொடுத்தேன். இவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஹன்னா என் கழுத்தைப் பார்த்தார். மந்திரம் வரவில்லை. கைகள் போர்வைக்கு மேலே வந்தன. கஞ்சியில் சீனி போதாது என்று முதல்முறையாகக் குறை சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாளும் இந்த மனிதரைக் காலையில் எழுப்பிப் பரீட்சை வைத்திருக்கிறேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. மூன்றாம் நாள் அவர் என் யூனிபோம் கழுத்தை ஒரு விரலால் இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். போய்விட்டதா என்ற நிம்மதியில் கேட்டாரா, வேண்டும் என்று கேட்டாரா, எனக்குப் பிடிபடவில்லை. அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவோமிக்குப் போன் எடுத்து, பாதர் வேண்டாம், மெழுகுவர்த்தியைக் கொண்டுவாருங்கள் என்றேன். அன்றைக்குச் செபம் என்றீர்கள், இன்றைக்குப் பயம் என்கிறீர்கள், நான் எதை நம்புவது என்று அவர் கோபப்பட்டார். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. எனக்கே எதை நம்புவது என்று தெரியவில்லை, அதைத்தான் சொன்னேன்.

ஆனாலும் வந்தார். அந்த வெள்ளிக்கிழமை, ஏற்றுவதற்கு முன்னால் நான் திரைச்சீலைகளை இழுத்து ஒரு நீக்கலும் இல்லாமல் மூடினேன். அது இவர் சொல்லி அனுப்பியது. வெளிச்சம் வெளியே தெரிந்தால்தான் பயம் என்றார்.

நவோமி இரண்டையும் ஏற்றினார். தங்கள் வழக்கப்படி கைகளால் கண்களைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஹன்னா இந்தமுறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. சுடரைப் பார்த்தார். பிறகு அவருடைய கைகளும் மெல்ல மேலே வந்து அவருடைய கண்களைப் பொத்தின. அதைக் கண்டு நவோமியின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கைகளுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, அருள்நிறை மந்திரத்தின் முதற்பாதி வந்தது.

பாதியில் நின்றது. கை கண்ணை விட்டு இறங்கவில்லை. ஹன்னா காத்துக்கொண்டிருந்தார்.

இனிச் சொல்லுவதில்லை என்று நான் சத்தியம் பண்ணியிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். நவோமியின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பதில் சொல்லுங்கள்," என்றார்.

இந்த மெழுகுவர்த்திகளுக்கு முன்னாலா என்று கேட்டேன்.

"அம்மா காத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்."

சொன்னேன், தமிழில், கடைசிச் சொல்வரைக்கும். ஹன்னா கைகளை இறக்கினார். பாணில் ஒரு துண்டு பிய்த்துத் தின்றார். உள்ளங்கையில் நக அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்தக் கையை மகள் பிடித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஹன்னா போய்ச் சேர்ந்தார். யூத மயானத்தில், கணவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர்களுடைய செபத்தை அவர்கள் சொன்னார்கள். எல்லோரும் ஒவ்வொரு மண்வெட்டி மண் போட்டபோது நவோமி என்னையும் கூப்பிட்டார். மண்ணைப் போட்டுவிட்டு மறுபாதியை மட்டும் வாய்க்குள் சொன்னேன். செய்தது முறையா என்று எந்தப் பாதரிடமும் நான் இன்னும் கேட்கவில்லை.

திரும்பும்

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்புகிறேன். வெளியே வர இருட்டிவிட்டது. இவர் வழக்கம்போலக் காருக்குள் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஏறியிருந்து நடந்ததைச் சொன்னேன். இவர் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சங்கிலியை எடுத்தார். அது இவருடைய உடம்புச் சூட்டில் இருந்தது.

"வேண்டாம்," என்றேன். "இனி இதைப் போடேல்லை. இவ்வளவு காலமும் இதைப் பாத்துப் பாத்து நீங்கள் பட்டது காணும். அம்மா என்ன சொன்னாலும் நான் சமாளிக்கிறன்."

இவர் ஹன்னாவின் ஜன்னலைப் பார்த்தார். திரைச்சீலை மூடியபடியே இருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி எரிகிறது என்று தெருவில் போகிற யாருக்கும் தெரியாது.

"இதைப் பாக்க எனக்கு இப்பவும் பயம்தான்," என்றார். "ஆனா இந்தக் கிழமை முழுக்க இது இல்லாத உம்மடை கழுத்தைப் பாத்தன். அது அதைவிடப் பயமாக் கிடக்கு. திரும்பும்."

திரும்பினேன். கொளுவியை மாட்ட இவருக்கு அன்றைக்கும் வெகுநேரம் எடுத்தது.